கரண்ட் வந்த பிறகு நெட் மெதுவாகிவிட்டது: ரீசெட் ஓட்டையில் குத்தலாமா?

4 டிசம்பர் 2024, மாலை 6:10 (கேள்வி)

விழுப்புரம் புறநகரில் வீடு. சனிக்கிழமை ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது போன கரண்ட் நேற்று மதியம்தான் வந்தது. ஃபைபர் இணைப்பு, 150 எம்பிபிஎஸ் திட்டம். ஓஎன்டி (ஃபைபர் வந்து முடியும் பெட்டி) கீழே ஹாலில். அங்கிருந்து சுவருக்குள் கேபிள் போய் மாடியில் தனி ரவுட்டர். புயலுக்கு முன்னால் மாடியிலும் நன்றாகவே இருந்தது. இப்போது போனில் 25-க்கு மேல் ஏறவில்லை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் 5 வந்தால் பெரிய விஷயம். டிவி சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆபரேட்டரைக் கேட்டால் "புயலில் லைன் அடி வாங்கியிருக்கு, பொறுங்க" என்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் ஓட்டையில் ஊசியால் குத்தி ரீசெட் பண்ணினால் சரியாகிவிடும் என்கிறான். குத்தலாமா?

4 டிசம்பர், இரவு 8:40

குத்தாதீர்கள். முதலில் ஊசியை எடுத்த இடத்தில் வையுங்கள்.

அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. அணைத்துப் போட்டால் ரவுட்டர் தூங்கி எழும், அவ்வளவுதான். ஓட்டையில் குத்தினால் கடையில் வாங்கிய நாளின் நிலைக்குப் போய்விடும். உங்கள் வைஃபை பெயர், பாஸ்வேர்ட், எல்லாவற்றுக்கும் மேலாக ஆபரேட்டர் போட்டுக் கொடுத்த பிபிபிஓஇ (நெட்டுக்குள் நுழையும் லாகின்) யூசர்நேம், எல்லாம் போச்சு. சிலருடைய ஓஎன்டியில் விஎல்ஏஎன் எண்ணும் (ஆபரேட்டர் தன் லைனைப் பிரித்தறிய வைத்த எண்) சேர்ந்து போகும். புயல் முடிந்த வாரத்தில் ஆபரேட்டரின் ஆள் யார் வீட்டுக்கு முதலில் வருவார் என்று நினைக்கிறீர்கள்? நெட்டே இல்லாதவர் வீட்டுக்கு. இப்போது மெதுவாகவாவது வருகிறது. குத்திவிட்டு நீங்களும் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டாம்.

இன்னொன்று. கரண்ட் போய் வந்ததால் செட்டிங் தானாக மாறுவது அபூர்வம். அவை ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கின்றன, கரண்ட் இல்லாவிட்டாலும் அழியாது. மறப்பது கடிகாரத்தை மட்டும்தான். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் கடிகாரத்துக்கென்று பேட்டரி கிடையாது. அதனால் லாக் பக்கத்தைத் திறந்தால் 1970 ஜனவரி 1 என்று காட்டும், நெட் கிடைத்த பிறகுதான் சரியான தேதிக்கு வரும். அதைப் பார்த்து யாரோ ஹேக் பண்ணிவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம். என் மைத்துனர் பயந்தார்.

இப்போதைக்கு எனக்கு ஒரே ஒரு எண் வேண்டும். லேப்டாப்பை மாடி ரவுட்டரின் லேன் போர்ட்டில் வயரால் செருகி ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். வைஃபையை அணைத்துவிட்டு. வந்த எண்ணை அப்படியே எழுதுங்கள், "சுமாராக 100" என்று எழுத வேண்டாம்.

5 டிசம்பர், காலை 7:15

அவர் பதில் வருவதற்குள் வேறு இருவர் கேட்டதற்கு.

கரண்ட் வந்தும் நெட்டே வரவில்லை என்ற தாம்பரம் பக்கத்து நண்பருக்கு: உங்களுடையது மெதுவான நெட் இல்லை, வராத நெட். கரண்ட் பட்டென்று போகும்போது ரவுட்டர் "நான் கிளம்புகிறேன்" என்று ஆபரேட்டரின் சர்வரிடம் சொல்லிவிட்டுப் போவதில்லை. அங்கே உங்கள் பழைய செஷன் இன்னும் உயிரோடு இருப்பதாகக் கணக்கு. ஒரு யூசர்நேமுக்கு ஒரு செஷன்தான் என்று வைத்திருக்கும் ஆபரேட்டர் என்றால், நீங்கள் திரும்ப வந்து கதவைத் தட்டும்போது அனுமதி கிடைக்காது. ரவுட்டரை அணைத்துக் கால் மணி நேரம் சும்மா விடுங்கள். பழைய செஷன் அங்கே காலாவதியாகும். அப்படியும் வரவில்லையென்றால் போன் செய்து "செஷனைக் கிளியர் பண்ணுங்க" என்று அதே வார்த்தையில் சொல்லுங்கள். "நெட் வரலை சார்" என்றால் டோக்கன் நம்பர்தான் கொடுப்பார்கள்.

ஸ்மார்ட் டிவியில் மட்டும் வீடியோ ஆப் திறக்கவில்லை என்றவருக்கு: டிவியின் தேதியைப் பாருங்கள். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று ஆப் மறுத்துவிடும். இதற்கும் ஸ்பீடுக்கும் சம்பந்தமில்லை.

5 டிசம்பர், மதியம் 1:30

விழுப்புரத்தார் 94.1 என்று எழுதியிருக்கிறார். மூன்று தடவை போட்டும் 94 சொச்சமாம். "பரவாயில்லையே, 94 வருதே, அப்போ வைஃபைதான் பிரச்சினையா?" என்று கேட்கிறார்.

வைஃபையும் பிரச்சினைதான், அதற்குப் பிறகு வருகிறேன். இந்த 94 சும்மா வந்த எண் இல்லை. 150 திட்டத்தில் லைன் பழுதாக இருந்தால் 60 வரும், 110 வரும், ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும். எத்தனை தடவை போட்டாலும் 94-இல் தலை தட்டி நிற்கிறது என்றால், வழியில் எங்கோ ஒரு இடத்தில் ஈதர்நெட் (லேன் வயர் இணைப்பு) 100 எம்பிபிஎஸ்-க்கு இறங்கியிருக்கிறது. கணக்கு எளிது: ஒவ்வொரு பாக்கெட்டும் (டேட்டா போகும் சிறு பொட்டலம்) வயரில் 1,538 பைட் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அதில் உங்கள் டேட்டா 1,460 பைட். அதாவது 94.9 சதவீதம். பிபிபிஓஇ இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். 100-க்கு 94 என்பது முழு மதிப்பெண்.

ஆக லைன் அடி வாங்கவில்லை என்று நான் சந்தேகப்படுகிறேன். ஃபைபரின் சுபாவமும் அப்படித்தான்: பெரும்பாலும் வரும், இல்லையென்றால் வராது. அடி வாங்கிய ஃபைபர் என்றால் எல்ஓஎஸ் விளக்கு (ஒளி வரவில்லை என்று காட்டுவது) சிவப்பில் மினுக்கும், நெட் அறுந்து அறுந்து வரும்.

செய்ய வேண்டியது: அதே லேப்டாப்பைக் கீழே கொண்டுபோய் ஓஎன்டியிலேயே நேராகச் செருகுங்கள். ஜிகாபிட் (1,000 எம்பிபிஎஸ்) என்று குறித்த போர்ட்டில். சில ஓஎன்டிகளில் ஒரு போர்ட்தான் ஜிகாபிட், மற்றது 100.

5 டிசம்பர், இரவு 10:05

மேலே "வரும், இல்லையென்றால் வராது" என்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். ஒரு நண்பர் (தானே ஃபைபரை ஒட்டி ஸ்ப்ளைஸ் போடுகிறவராம்) நியாயமாக ஒன்று சொல்கிறார். ஓஎன்டிக்கு வந்து சேரும் ஒளி மைனஸ் 15-இலிருந்து மைனஸ் 25 டிபிஎம் (ஒளியின் வலிமைக்கான அளவு) வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும் இணைப்பில் பிழைகள் கூடும். பாக்கெட்டுகள் விழுந்து திரும்பத் திரும்ப அனுப்பப்படும், உங்கள் கண்ணுக்கு அது மெதுவான நெட்டாகத்தான் தெரியும். இணைப்புப் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கினாலோ, கீழே விழுந்த மரக்கிளையில் கேபிள் மடங்கி நின்றாலோ இப்படி ஆகும் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். ஓஎன்டியின் பக்கத்தைத் திறந்தால் பல மாடல்களில் ஆப்டிகல் என்ற தலைப்பின் கீழ் இந்த எண் இருக்கும். மூன்று டிபி குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். அதனால் மைனஸ் 19-க்கும் மைனஸ் 25-க்கும் உள்ள தூரம் பார்க்கத் தோன்றுவதைவிடப் பெரிது.

ஆனாலும் பிழையால் மெதுவான நெட் 94-இல் வரிசையாக நிற்காது. என் பந்தயம் கேபிளின் மேல்தான்.

6 டிசம்பர், காலை 9:00

கீழே ஓஎன்டியில் நேராகச் செருகினால் 152 வந்ததாம். ஒளி மைனஸ் 20. ஆபரேட்டர் இதில் நிரபராதி. அவர் சொன்ன "பொறுங்க" என்பது ஊருக்கே பொதுவாகச் சொன்ன பதிலாக இருக்கும். புயல் வாரத்தில் அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

இனி கீழ்த்தளத்திலிருந்து மாடிக்குப் போகும் கேபிள். லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ் ஓட இரண்டு ஜோடி போதும்: வழக்கமான வரிசையில் ஆரஞ்சும் பச்சையும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி விட்டுப்போனாலும் இரண்டு முனையும் பேசிப் பார்த்துவிட்டு, சரி 100-க்கே ஓடுவோம் என்று இறங்கிவிடும். எங்கும் சிவப்பு விளக்கு எரியாது. லேப்டாப்பில் இணைப்பின் ஸ்டேட்டஸைத் திறந்தால் 1.0 ஜிபிபிஎஸ் இருக்க வேண்டிய இடத்தில் 100 எம்பிபிஎஸ் என்று இருக்கும். அவ்வளவு அமைதியான பழுது.

முனைகளைக் கழற்றிப் பாருங்கள். பித்தளை நிறம் போய்ப் பச்சை பூத்திருந்தால் ஈரம். எலி கடித்திருந்தால் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், கரண்ட் வந்த பிறகு வீட்டில் வேறு யாராவது, எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக், வந்தார்களா?

6 டிசம்பர், மாலை 5:20

இதற்கிடையில் வைஃபை. 94 வயரில் இருக்கும்போது போனில் 25-தான் என்றால் அது தனிக் கதை.

உங்கள் ரவுட்டர் 2.4, 5 இரண்டு ஜிகாஹெர்ட்ஸையும் ஒரே பெயரில் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். கரண்ட் வந்ததும் ரவுட்டர் எழும்போது 2.4 முதலில் தயாராகிவிடும். 5-இல் சில சேனல்கள் ரேடாருடன் பங்கிடப்பட்டவை. அவற்றில் ரேடார் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ரவுட்டர் வாய் திறக்க வேண்டும். போனுக்கு அந்தப் பொறுமை கிடையாது, கிடைத்த 2.4-இல் ஒட்டிக்கொள்ளும். நல்ல சிக்னல் காட்டுவதால் பிறகும் நகராது. போனில் வைஃபையை அணைத்துப் போட்டால் போதும், பல சமயம் 5-க்குத் தாவிவிடும்.

ராத்திரி 5 எம்பிபிஎஸ் ஆவதற்கும் இதே 2.4-தான் காரணம். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றே. தெருவுக்கே ஒரே நொடியில் கரண்ட் வருகிறது, எல்லா வீட்டு ரவுட்டரும் ஒரே சமயத்தில் எழுகின்றன. எது காலி என்று பார்க்கும்போது இன்னும் யாரும் பேச ஆரம்பித்திருக்க மாட்டார்கள், எல்லாமே காலியாகத்தான் தெரியும். எல்லோரும் ஒரே சேனலில் போய் உட்கார நல்ல வாய்ப்பு. ரவுட்டரே சேனலைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டோவை எடுத்துவிட்டு, அக்கம்பக்கத்தில் குறைவாக இருக்கும் சேனலை நீங்களே போடுங்கள், சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 40-இல் வைத்தால் வேகம் கூடும் என்று படித்து வைத்திருப்பவர்கள் தனி வீட்டில், சுற்றிலும் வயல் இருந்தால் வைத்துக்கொள்ளட்டும்.

டிவிக்கு முடிந்தால் வயர். டிவியின் லேன் போர்ட் பெரும்பாலும் 100-தான், ஆனால் 4கே படத்துக்கு 25 இருந்தாலே தாராளம்.

சட்டப்படி பார்த்தால் உங்கள் 5 எம்பிபிஎஸ்-உம் பிராட்பேண்ட்தான், தெரியுமா? 2023 ஜனவரியில்தான் குறைந்தபட்ச அளவை 512 கேபிபிஎஸ்-இலிருந்து 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். சும்மா ஒரு ஆறுதலுக்குச் சொன்னேன்.

7 டிசம்பர், காலை 8:30

கேமராக்காரர்!

பதிலை அப்படியே போடுகிறேன்: "எலக்ட்ரீஷியன் வரவில்லை சார். ஆனால் புயலில் மாடி பால்கனி கேமராவின் வயர் அறுந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சிசிடிவி பையன் வந்து சரி பண்ணினார். புது வயர் பைப்புக்குள் இறங்கவில்லை, உள்ளே இருப்பதிலேயே எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்றார்."

உள்ளே இருந்தது உங்கள் லேன் கேபிள். அதில் நீலமும் பழுப்பும் சும்மா கிடக்கிறது என்று நினைத்து ஒரு ஜோடியில் வீடியோ, இன்னொன்றில் 12 வோல்ட் அனுப்பியிருக்கிறார். 100 எம்பிபிஎஸ் காலத்தில் இது சகஜமான கைவேலை, நெட்டும் ஓடும் கேமராவும் ஓடும், யாருக்கும் நஷ்டமில்லை. ஜிகாபிட் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவருடைய டெஸ்டில் நெட் வந்தது, கேமராவில் படம் வந்தது, காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கரண்ட் வந்தது செவ்வாய் மதியம், கேமராக்காரர் வந்தது செவ்வாய் சாயங்காலம். புதன்கிழமை கேள்வி கேட்கும்போது நினைவில் நின்றது கரண்ட் மட்டும். இந்த மாதிரி விஷயத்தில் எல்லோருமே அப்படித்தான், பெரியதாக நடந்ததன் தலையில்தான் பழியைப் போடுகிறோம். இனி யாராவது "அதற்குப் பிறகுதான் இப்படி" என்று கேட்டால், ரவுட்டர் மாடலைக் கேட்பதற்கு முன் வீட்டுக்கு வந்து போனவர்களின் பட்டியலைக் கேட்கப் போகிறேன்.

7 டிசம்பர், இரவு 9:45

"கரண்டுக்குச் சம்பந்தமே இல்லை என்றால் என் வீட்டில் மட்டும் ஏன் கரண்ட் வந்த பிறகு நெட் கெட்டது?" என்று மூன்று பேர் வரிந்து கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. விழுப்புரத்தார் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

கரண்ட் நிஜமாகவே கெடுக்கும் பொருள் ஒன்று உண்டு: அடாப்டர். மிக்ஜாம் புயல் சமயத்தில், 2023 டிசம்பரில், எங்கள் மடிப்பாக்கத்துத் தெருவில் கரண்ட் வந்த விதம் சரியில்லை. விளக்குகள் ஒரு நிமிடம் கண் கூசும் அளவுக்கு எரிந்தன, எங்கோ நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) விட்டிருக்கும் என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள். நியூட்ரல் விட்டால் 230 வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். என் ரவுட்டர் சாகவில்லை, விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்தது. ஆனால் வீட்டில் இரண்டு பேர் வீடியோ காலில் உட்கார்ந்தால் வைஃபை காணாமல் போகும், தானே திரும்ப வரும். மல்டிமீட்டரை வைத்தால் அடாப்டரில் ஜம்மென்று 12 வோல்ட். இதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். சும்மா இருக்கும்போது 12 காட்டும். ரவுட்டர் முழு மூச்சில் ஓடி ஒரு ஆம்பியர் கேட்கும்போது, உள்ளே கெப்பாசிட்டர் உப்பிப்போன அடாப்டரால் தாங்க முடியாது. ரவுட்டரில் செருகும் முனைப் பக்கத்தில் 12 வோல்ட் வயரைக் கொஞ்சம் சீவி, ஓடும்போதே அளந்தேன்: 9 சொச்சம். (சீவியதை டேப் சுற்றி மூடவும்.) புது அடாப்டர் போட்டதும் தீர்ந்தது. பழைய ரவுட்டரைப் பரணில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கியிருக்கும் பலருக்கு இதைப் படிக்கும்போது வயிறு எரியும்.

வாங்கும்போது வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தப்பில்லை. 12 வோல்ட் 1 ஆம்பியருக்குப் பதில் 2 ஆம்பியர் போடலாம். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 போடக்கூடாது.

10 டிசம்பர், காலை 6:50

இன்வெர்ட்டர் பற்றி. கரண்ட் போகும் ஒவ்வொரு தடவையும் இன்வெர்ட்டர் இருந்தும் ரவுட்டர் மட்டும் அணைந்து எழுகிறது என்றால், பெட்டியில் யுபிஎஸ், ஈகோ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். ஈகோவில் மாறுவதற்கு எடுக்கும் நேரம் கூடுதல். மின்விசிறிக்குத் தெரியாது, ரவுட்டருக்குத் தெரியும். யுபிஎஸ்-க்கு மாற்றினால் சரியாகும். ஆனால் லோ வோல்டேஜ் அடிக்கடி வரும் தெருவில் யுபிஎஸ் நிலை பொறுமை குறைந்தது, 180-க்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவிவிடும். சாயங்காலத்துக்குள் பேட்டரி காலி. அப்படிப்பட்ட ஊரில் நான் ஈகோவிலேயே விட்டுவிட்டு ரவுட்டருக்குத் தனி மினி யுபிஎஸ் (உள்ளே பேட்டரி உள்ள சிறு பெட்டி) வாங்குவேன்.

எங்கள் பழைய அடுக்குமாடியில் இதெல்லாம் செய்தும் பிரயோஜனம் இருக்காது. அது ஃபைபருக்கு முந்திய லேன் இணைப்பு. மாடிப்படிக்குக் கீழே நெட்டை எல்லா வீட்டுக்கும் பிரிக்கும் ஒரு ஸ்விட்ச் பெட்டி, அதற்குக் கரண்ட் கொடுப்பது முதல் தளத்து வீடு. அவர்கள் ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவார்கள், மொத்த பிளாக்குக்கும் நெட் இல்லை. ஃபைபரில் இந்தத் தொல்லை குறைவு: தெருவில் தொங்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை, ஒளியைப் பிரிப்பது மட்டும்தான் அதன் வேலை. ஆபரேட்டரின் ஆபீஸில் இருக்கும் ஓஎல்டிக்கு (ஃபைபரில் ஒளியை அனுப்பும் பெட்டி) பேட்டரி இருக்கும்வரை நெட் ஓடும். அங்கே பேட்டரி தீர்ந்தால் உங்கள் வீட்டில் எல்ஓஎஸ் சிவப்பாகும், ஃபைபர் அறுந்த மாதிரியே தெரியும்.

14 டிசம்பர், மாலை 4:00

விழுப்புரத்திலிருந்து தகவல். கேமராக்காரர் பால்கனிக்கு வெளிப்புறமாகத் தனி வயர் இழுத்துக் கொடுத்துவிட்டார், நீலமும் பழுப்பும் விடுதலை. மாடியில் வயரில் 151, போனில் 5 ஜிகாஹெர்ட்ஸில் 120-க்குக் குறையவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் மட்டும் இன்னும் ரீசெட் பண்ணியிருந்தாலும் சரியாகியிருக்கும் என்கிறானாம்.

3 ஜனவரி 2025

மினி யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டவருக்கு. அட்டையில் 8,800 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் 32 வாட் மணி சொச்சம். 12 வோல்ட்டாக ஏற்றும்போது கொஞ்சம் வீணாகும். 8 வாட் இழுக்கும் ரவுட்டர் ஒன்று என்றால் மூன்று மணி நேரம் எதிர்பார்க்கலாம். ஓஎன்டி தனி, ரவுட்டர் தனி என்றால் இரண்டையும் அதில் செருக வேண்டும், நேரம் பாதியாகும். ரவுட்டரை மட்டும் செருகிவிட்டு "வைஃபை இருக்கு, நெட் இல்லை" என்று எழுதாதீர்கள்.

பின் அளவைப் பாருங்கள். வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர் எல்லாம் ஒன்று போலத் தெரியும், உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை. 2.1 துளை உள்ள பிளக் 2.5 பின்னில் ஏறாது, அது நல்லது. 2.5 துளை உள்ளது 2.1 பின்னில் தாராளமாக ஏறி, ஆடிக்கொண்டு நிற்கும். மேஜையைத் தட்டினால் ரவுட்டர் அணையும். கடையில் அடாப்டரைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.